உட்கார்ந்த காற்று

அண்ணனை இடப்பக்கமாகப் புரட்டியபோது முதுகுக் கோடுகள் தெரிந்தன. கழுத்தடியில் தொடங்கி, விலாவோடு சரிந்து, இடுப்பு வரைக்கும் வரிசையாகச் சிவப்புக் கோடுகள். குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சாவுச் சடங்கை நடத்தும் மோதினார் மட்டும் நிமிராமல், "தண்ணி ஊத்துங்க" என்றார்.

முஜியோனோ வாளியில் குவளையை முக்கி எடுத்து ஊற்றினார். மல்லிகை மிதந்த தண்ணீர் கோடுகள்மேல் ஓடிப் பலகை வழியாக வடிந்தது. கோடுகள் அப்படியேதான் இருந்தன.

"நல்லா செவந்திருக்கு. எவ்வளவு காத்து இருந்திருக்கும், பாருங்க," என்றான் பக்கத்து வீட்டு பர்ஜோ. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று ஒருநாளும் யோசித்தறியாதவன்.

அந்த ஊரில் தலைவலியோ வயிற்றுவலியோ, எது வந்தாலும் உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்பதுதான் முதல் பேச்சு. எண்ணெய் தொட்ட காசால் முதுகைச் சுரண்டுவார்கள். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று வெளியேறிவிட்டதாகக் கணக்கு. புகுந்த காற்றைச் சுரண்டி விரட்டிவிடலாம். நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற காற்றுதான் பொல்லாதது, அது ஆளைக் கொண்டுபோய்விடும். அண்ணன் சுரோத்தோவைக் கொண்டுபோனதும் அதுதான் என்று காலையிலேயே தெருமுனை டீக்கடையில் தீர்ப்பாகியிருந்தது.

முஜியோனோவுக்குக் குவளை கனத்தது. விடிகாலையில் செய்தி வந்ததிலிருந்தே நெஞ்சுக்குழியில் யாரோ செங்கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. துக்கம் என்று நினைத்துக்கொண்டார். கூடப் பிறந்தவன் போனால் நெஞ்சு அடைக்காமல் வேறென்ன செய்யும்?

முற்றத்துப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. நடுவில் அண்ணி வர்சினா கறுப்பு முக்காடோடு உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படி நடந்தது என்று கேட்டாக வேண்டும், வீட்டுக்காரர்கள் சொல்லியாக வேண்டும். கேட்காமல் போனால் மரியாதைக் குறைவு. ஆனால் சொல்கிறவர்கள் ரெண்டு வரியில் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ எடுத்துக்கச் சொல்வார்கள். வர்சினாவுக்கு ரெண்டு வரியில் பேசி எப்போது பழக்கம்?

"நேத்து சாயங்காலம்கூட மில்லுல சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாரே," என்றாள் புதிதாக வந்த ஒருத்தி. சுரோத்தோ அரிசி மில்லில் மெஷின் ஓட்டியவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்.

"ஆமா. வந்து சோறு வேணாம்னாரு. நெஞ்சுக்குழி கனமா இருக்குன்னாரு. காத்துன்னுதான் நெனச்சேன். எண்ணெய எடுத்து முதுகைச் சுரண்டினேன். நல்லா செவந்துச்சு. செவந்துடுச்சு, இனிமே சரியாப் போயிடும்னு ரெண்டு பேரும் படுத்துட்டோம்." அழாமல், கடைச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள். "கோழி கூவறப்ப எழுந்து உக்காந்திருக்காரு. ஒரே வேர்வை. தொட்டா ஜில்லுனு இருக்கு. பைக்ல நடுவுல வச்சுக் கொண்டுபோனோம். டாக்டர் பாத்துட்டு, இது காத்து இல்லம்மா, இருதயம், நெஞ்சு கனத்தப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்னாரு."

அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள். அவள் கண் வர்சினாவின் விரல்களுக்குப் போய்விட்டு வந்ததை முஜியோனோ பார்த்தார். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்தான் சுரண்டினேன் என்று வருகிறவர்களிடம் எல்லாம் இவள் ஏன் ஒப்பிக்கிறாள்? நாளைக்கு ஊரே இவளைத்தானே பேசும்? முப்பது வருஷமாக இந்த வாயைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்திருந்தது. வாத்துக்கூண்டு நாறுகிறது என்பாள், சிகரெட்டைத் தூக்கிப் போடு என்பாள், சட்டைப் பொத்தானைப் போடு என்பாள்.

அடுத்து வந்தவர்களிடம் இன்னொன்று சேர்த்துச் சொன்னாள். "தாடை வலிக்குது, பல்லு வலி போலன்னாரு. அந்த மனுசனுக்குக் கீழ் வரிசையில பல்லே கிடையாது. எங்க இருந்து பல்லு வலி வரும்? அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்."

ஒருவன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டான்.

முஜியோனோ தன் தாடையைத் தடவிப் பார்த்தார். காதுக்குக் கீழே, எலும்போடு ஒரு குடைச்சல். விடிந்ததிலிருந்தே இருந்ததை இப்போதுதான் கவனித்தார்.

"வர்சினா," என்று தணிந்த குரலில் கூப்பிட்டாள் சுமிலா அத்தை. குடும்பத்தில் வயதில் மூத்தவள், எந்தச் சடங்கும் அவளைக் கேட்காமல் நடக்காது. "இதையெல்லாமா வந்தவங்ககிட்ட சொல்லுவ? அல்லா நாடினான், கூப்பிட்டுக்கிட்டான்னு சொல்லிட்டு விடேன்."

"அல்லா நாடினதை நான் மாத்திச் சொல்லல அத்தை. எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். இவங்க வீட்டுலயும் ஆம்பளைங்க இருக்காங்கல்ல." முதலில் வந்து கேட்ட பெண் பக்கம் திரும்பினாள். "உன் வீட்டுக்காரரு போன வாரம் மூட்டைய இறக்கிட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாருன்னியே. கூட்டிட்டுப் போனியா?"

அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, டீ கிளாஸோடு ரெண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். போனில் யாரையோ கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினாள்.

முஜியோனோ அதைக் கவனித்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது. அண்ணி தன் பழியை ஊர் வாயில் போட்டுக்கொள்வது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அவ்வளவு தைரியம் தனக்குக் கிடையாது என்றும் தோன்றியது.

தைரியம் இல்லைதான். இடது கை தோளிலிருந்து மரத்துக்கொண்டு வந்தது. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. காது இருக்கிறது, அண்ணி சொன்னது எல்லாம் கேட்டது, ஒவ்வொன்றும் தன் உடம்பில் இருப்பதும் தெரிந்தது. பயமாக இருந்தது. ஆனால் மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் அண்ணனைத் தூக்கப் போகிறார்கள். உடலை வைத்துத் தூக்கும் சந்தூக்கின் முன்பக்கத்துக் கட்டை அவருடையது. கூடப் பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். எட்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி போனபோது, சுரோத்தோ முன்கட்டையைக் கபர்ஸ்தான் வரைக்கும் யாரிடமும் மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது போய், எனக்கு நெஞ்சு வலி, நான் தூக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எல்லாம் முடியட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

அதுவரை தாங்க வேண்டுமே. பர்ஜோவைக் கண்ணால் கூப்பிட்டார். சமையல்கட்டுக்குப் பின்னால், தேங்காய் மட்டைகள் குவிந்திருந்த மூலையில், சட்டையைத் தூக்கிக்கொண்டு குந்தினார்.

"சீக்கிரம் சுரண்டு. யார்கிட்டயும் சொல்லாத."

"உங்களுக்குமா? நேத்து ராத்திரி காத்து அடிச்ச அடி அப்படி," என்று பர்ஜோ காசைத் துடைத்து எண்ணெயில் தோய்த்தான். "அடேயப்பா. இழுக்க இழுக்க எப்படி செவக்குது."

தோல் எரிந்தது. எரிச்சலில் உள்வலி கொஞ்ச நேரம் மறந்தது. சரியாகிவிட்டது என்று முஜியோனோ நம்பப் பார்த்தார். இதே மாதிரிதான் அண்ணனும் நம்பியிருப்பார்.

தொழுகை முடிந்து சந்தூக்கை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பச்சைத் துணி மேல் பூச்சரங்கள். ஊர்த் தலைவர் பேசினார். இறந்தவர் யாருக்காவது மனக்கஷ்டம் கொடுத்திருந்தால் மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார், எல்லாரும் மன்னித்தோம் என்றார்கள். பிறகு நாலு பேர் சந்தூக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். போகிறவரின் வீட்டார் அதன் அடியில் மூன்று தடவை குனிந்து கடந்து வர வேண்டும். முன்பக்கம் வலது கட்டை முஜியோனோவின் கையில்.

கட்டையைத் தூக்கியதும் செங்கல் இருந்த இடத்தில் அம்மிக்கல் வந்து உட்கார்ந்தது. மூச்சு பாதியில் நின்றது. விழுந்துவிடக் கூடாது, விழுந்துவிடக் கூடாது என்று அது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் வர்சினா, பின்னால் மகன் பிரிஹாந்தோ, அவன் மனைவி, பிள்ளைகள். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் வர்சினா குனிந்து வெளியே வரும்போது, முஜியோனோவின் முகவாயிலிருந்து ஜில்லென்று ஒரு வேர்வைச் சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது.

அவள் நின்றுவிட்டாள். சந்தூக்குக்கு அடியில் யாரும் நிற்பதில்லை. பின்னால் வந்த பிரிஹாந்தோ அவள்மேல் மோதிக்கொண்டான். துக்கம் தாளாமல் நிற்கிறாள் என்று பெண்கள் ரெண்டு பேர் பிடிக்க ஓடி வந்தார்கள். அவள் கையை நீட்டி அவர்களைத் தடுத்துவிட்டு, அண்ணாந்து கொழுந்தனின் முகத்தைப் பார்த்தாள். கையை உயர்த்தி அவர் கழுத்தைத் தொட்டாள்.

"இறக்குங்க," என்றாள்.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு," என்றாள் சுமிலா அத்தை.

"இறக்குங்கன்னு சொல்றேன். பர்ஜோ, நீ இந்தக் கட்டையப் பிடி. தம்பி, நீ விடு."

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. வெயிலு."

"தாடை வலிக்குதா?"

அவர் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, உன்னைத்தான் கேக்கறேன். தாடை வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எப்ப இருந்து?"

"விடிஞ்சதுல இருந்து."

வர்சினா சந்தூக்கின் அடியிலிருந்து வெளியே வந்து, அவருக்குப் பின்னால் போய், சட்டையைத் தூக்கினாள். கழுத்தடியிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவப்புக் கோடுகள். காலையில் குளிப்பாட்டிய ஆட்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். முஜியோனோவின் கட்டையை வாங்கியிருந்த பர்ஜோ அதைச் சற்றுச் சரித்துவிட, பூச்சரம் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது.

"துக்கிஜான், வண்டிய எடு," என்றாள் வர்சினா.

துக்கிஜான் பள்ளிவாசலின் வெள்ளை வேனை ஓட்டுகிறவன். மையத்துகளை ஏற்றிப் போவதற்கென்றே உள்ள வண்டி. சந்து முழுக்கப் பந்தலும் நாற்காலியும் அடைத்திருக்க, அது மட்டும்தான் ரோட்டைப் பார்த்து நின்றது.

"அக்கா, இது... அண்ணனுக்காக வந்த வண்டி."

"தெரியும். கதவத் தெற."

சுமிலா அத்தை குறுக்கே வந்தாள். "உசிரோட இருக்கிறவனையா பொண வண்டியில ஏத்துவ? தம்பியையும் அண்ணன் கூடவே அனுப்பணும்னு பாக்கறியா? டவுன்லேருந்து ஆம்புலன்ஸ் வரச் சொல்லு."

"அது வந்து, பந்தலப் பிரிச்சு, உள்ள நுழையறதுக்குள்ள இவரு அண்ணன் பக்கத்துல படுத்திருப்பாரு அத்தை. எல்லாரும் ஒருநாள் படுத்துக்கிட்டுப் போற வண்டிதான். இவரு இன்னைக்கு உக்காந்துக்கிட்டுப் போகட்டும்."

"மையத்தைக் காக்க வைக்கக் கூடாதும்மா," என்றார் மோதினார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர் வேலை அது.

"காக்க வைக்காதீங்க. தோள்ல தூக்கிட்டுப் போங்க. இத்தனை பேரு நிக்கிறீங்க, ஆளுக்கு ரெண்டு தோளு இருக்கு."

"அம்மா, நான் சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போறேன், நீ அப்பாகூட இரு," என்றான் பிரிஹாந்தோ. அழுதுகொண்டிருந்தான்.

"நீ மகன். நீ கபர்க் குழியில எறங்கணும்." ஊராரை ஒரு பார்வை பார்த்தாள். "வேற யாரையும் அனுப்ப மாட்டேன். ஒண்ணுமில்ல, சரியாப் போச்சுன்னு வழியில இவரு சொல்லுவாரு. டீய வாங்கிக் குடுத்து, திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவீங்க."

பச்சைத் துணியில் ஒரு தடவை உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம்கூட இல்லை. அவ்வளவுதான் அவள் விடைபெற்றது. பிறகு முஜியோனோவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடத்தினாள். அவருக்கு மறுக்கத் தெம்பில்லை. வெட்கமாக இருந்தது, கூடவே, யாரோ தன்னைத் தூக்கிக்கொண்டார்கள் என்று ஒரு பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

வேனுக்குள் கற்பூரமும் பன்னீரும் மணத்தன. நீளப் பலகையில் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, முதுகுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்தாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். போடு போடு என்று முப்பது வருஷம் சொன்ன அதே பொத்தான்கள்.

வண்டி ரோட்டுக்கு வந்ததும் ஊர் தன் பழக்கத்தைக் காட்டியது. எதிரே வந்தவர்கள் பைக்கை ஓரங்கட்டினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பழக்கடைக்காரி எழுந்து நின்றாள். முஜியோனோ கண்ணாடி வழியாக அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே போனார். செத்துப்போனவர்களால் பார்க்க முடியாத மரியாதை அது.

"அண்ணி, நான் அண்ணனைத் தூக்கல."

"பேசாத."

"அவரு என் பொண்டாட்டிய..."

"தெரியும். நானும்தான் கூட நடந்து வந்தேன். வாய மூடிக்கிட்டு மூச்சு விடு." கொஞ்சம் கழித்து, வேறு குரலில் சொன்னாள்: "நேத்து சாயங்காலம் அவரு ஒரு வார்த்தை நெஞ்சு கனக்குதுன்னு சொன்னாரு. இன்னைக்கு நீ அதுகூடச் சொல்லல. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

அப்போதுதான் அவள் அழுதாள். அவர் முதுகில் முட்டியிருந்த முழங்கால் குலுங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வண்டியைப் பார்த்ததும், கையைப் பின்பக்கம் காட்டினான். "பொண அறை அந்தப் பக்கம். சுத்திப் போங்க."

வர்சினா கதவை உதைத்துத் திறந்தாள். "நாங்க எடுத்துட்டுப் போக வரலப்பா. இவரு உசிரோட இருக்காரு. தள்ளுவண்டி கொண்டா."

காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தான். மையத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த ஆள் தன்னைப் பார்த்துத் தலையசைக்கவும், விசிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. மார்பில் ஒட்டுகள், கையில் ஊசி, கடித்து மெல்லச் சொல்லி மாத்திரை. இளம் டாக்டர் பெண் ஒருத்தி, படபடவென்று கேட்டாள். வலி எங்கே, எப்போதிலிருந்து, வேர்த்ததா, குமட்டியதா. முஜியோனோ வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றுக்கும் வர்சினா பதில் சொன்னாள். காலையிலிருந்து சொல்லிப் பழகிய கதைதானே, ஆள் மட்டும்தான் வேறு.

"நீங்க அவர் மனைவியா?"

"அண்ணன் பொண்டாட்டி."

"அவர் அண்ணன் வரலையா? கையெழுத்துப் போடணும்."

"அவரால இன்னைக்கு வர முடியாது. நான் போடறேன்."

டாக்டர் அவளுடைய கறுப்பு முக்காட்டையும், அதில் ஒட்டியிருந்த பூவிதழையும் பார்த்தாள். மேலே கேட்கவில்லை. பேனாவைக் கொடுத்துவிட்டு, "நேரத்தோட கொண்டுவந்துட்டீங்கம்மா," என்றாள். "இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா, என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அடைப்பை எடுக்க உள்ள கொண்டுபோறோம். பயப்படாதீங்க."

வர்சினா தலையாட்டினாள்.

கண் விழித்தபோது முஜியோனோ ஒரு திரைக்குப் பின்னால் படுத்திருந்தார். ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. நெஞ்சின் மேல் கல் இல்லை. அதை நம்ப முடியாமல், ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார், இன்னொன்று இழுத்துப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணி போனில் பேசுவது கேட்டது.

"இப்பத்தான் எறக்கினீங்களா? நடந்து போனா நேரம் ஆகத்தான் செய்யும். சித்தப்பா நல்லா இருக்காரு. அழாத, வேலையப் பாரு. வலப் பக்கமா ஒருக்களிச்சாச்சா?... சரி. மண் உருண்டை வச்சாச்சா, தலைக்கு?... தோளுக்கு?"

பிரிஹாந்தோ கபருக்குள் நின்றுதான் பேசுகிறான் என்று முஜியோனோவுக்குப் புரிந்தது. உடம்பு சரியாமல் இருக்க, ஈர மண்ணை உருட்டி உருட்டி முட்டுக் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவன் உருட்டிக் கொடுப்பான். ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய தன் கையைப் பார்த்தார்.

"தோளுக்கு இன்னொரு உருண்டை வைப்பா. பெரிசா உருட்டி வை. அது மில்லு பெல்ட்டுல மாட்டின தோளு, உங்கப்பா ஒருநாளும் அந்தப் பக்கம் படுத்ததில்ல. வலிக்கும்... தெரியும்டா, எனக்கும் தெரியும். நீ வை. அம்மா சொன்னாங்கன்னு மோதினார்கிட்ட சொல்லு. அவசரப்படாம வை. போனக் கட் பண்ணாத, நான் இங்கயேதான் இருக்கேன்."

நர்ஸ் ஒருத்தி உள்ளே வந்தாள். இந்த வார்டில் போன் பேசக் கூடாதும்மா என்று சொல்ல வாயெடுத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டு, திரையை மெல்ல இழுத்துவிட்டுப் போய்விட்டாள். வர்சினா பேசிக்கொண்டிருக்கவில்லை. சுவரைப் பார்த்து நின்று, போனைக் காதோடு அழுத்தி, கேட்டுக்கொண்டிருந்தாள்.